மறைவிடப் புண்ணும் பச்சைச் சாயமும்

இந்த முறை எழுதப்போவது வாய்விட்டுப் பேசக் கூச்சப்படுகிற சங்கதி. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். பேசாமல் மறைப்பதால்தான் பலருக்கு வினை முற்றுகிறது. வீட்டு ஆண்களும் படிக்கலாம், தப்பில்லை.

பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியும் தோல்தான். மற்ற இடத்துத் தோலுக்கு வருகிற புற்றுநோய் அங்கேயும் வரும். மார்பகப் புற்றுநோய் போல நிறைய பேருக்கு வருவதில்லை, இது அபூர்வம். பெரும்பாலும் வயது ஏறியவர்களுக்கு வரும். இளவயதுக்காரர்களுக்கும் சில சமயம் வருவதுண்டு.

இதில் மூன்று வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, ஆறாத புண்ணாகவோ, தடிப்பாகவோ, மரு போலவோ தொடங்கும். அதிகம் காண்பது இதுதான். இரண்டாவது, கறுப்பு மச்சம் போல வந்து பெரிதாகும், நிறம் மாறும், ரத்தம் கசியும். இதற்கு மெலனோமா என்று பெயர். மூன்றாவது பேஜட் நோய். 1874-இல் ஜேம்ஸ் பேஜட் என்ற ஆங்கில டாக்டர் மார்புக் காம்பில் இதைக் கண்டு எழுதினார். அதே மாதிரி நோய் மறைவிடத்திலும் வரும். சிவந்து, ஈரமாக, ஊறலோடு, பார்க்கச் சாதாரணப் படை மாதிரியே இருக்கும். அதனால்தான் களிம்பு பூசிப் பூசியே மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ஓடிவிடுகிறது.

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? ஏன் கட்டுகிறது? உடம்பில் ரத்தக் குழாய் போலவே நிணநீர்க் குழாய் என்று ஒன்று ஓடுகிறது. பால் மரத்து வெட்டுக்கோட்டில் வடிகிற பால் மங்கில் போய் விழுகிற மாதிரி, அந்த நீர் தொடை இடுக்கில் உள்ள கணுக்களில் போய்ச் சேரும். மறைவிடத்து நீரும் அங்கேதான் வடியும். அங்குள்ள புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் முதலில் அந்தக் கணுவுக்குத்தான் போகும்.

முன்பெல்லாம் டாக்டர்கள் என்ன செய்தார்கள்? புண்ணை வெட்டி எடுப்பதோடு, இரண்டு பக்கத்துத் தொடை இடுக்கிலும் உள்ள கணுக்களை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். உயிர் பிழைத்தாலும் வடிகால் போய்விடும். நீர் தேங்கிக் கால் வீங்கும். யானைக்கால் நோய் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். காலையில் நானூறு ஐந்நூறு மரம் வெட்டுகிற பெண்ணுக்கும், செம்பனைக் காட்டில் குனிந்து உதிரிப்பழம் பொறுக்குகிற பெண்ணுக்கும் கால் போனால் பிழைப்பும் போச்சு.

பிறகு டாக்டர்கள் யோசித்தார்கள். நீர் முதலில் போய்ச் சேரும் கணு எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் எடுத்துச் சோதித்தால் என்ன? அதில் நோய் இல்லையென்றால் மற்றதைத் தொட வேண்டியதில்லை. நோய் இருந்தால் மேற்கொண்டு அறுவையோ கதிர் வைத்தியமோ செய்யலாம். நெதர்லாந்து டாக்டர்கள் தலைமையில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், முதல் கணுவோடு நிறுத்தப்பட்டவர்களில் 100 பேருக்குச் சுமார் 2 பேருக்குத்தான் கால் வீக்கம் நீடித்தது. மொத்தமாக எடுக்கப்பட்டவர்களில் அது 100-க்கு 25 பேர்.

அந்த முதல் கணுவைக் காட்டிக் கொடுக்கத்தான் சாயம். அந்த ஆய்வில் நீலச் சாயமும் கொஞ்சம் கதிரியக்க மருந்தும் பயன்பட்டன. இப்போது அந்த வேலைக்கு இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயமும் வந்திருக்கிறது. மருந்து புதிதல்ல. அமெரிக்காவில் 1959-லேயே அனுமதி பெற்று, ஈரல், இருதயச் சோதனைகளுக்குப் பயன்பட்டது.

கடைக்காரர் ரிங்கிட் நோட்டை ஊதா விளக்கில் காட்டினால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத குறிகள் பளிச்சென்று ஒளிரும், பார்த்திருப்பீர்கள். இதுவும் அந்த மாதிரிதான். மயக்கம் கொடுத்தபின் புண்ணைச் சுற்றி இந்தச் சாயத்தை ஊசியால் ஏற்றுவார்கள். அது குழாய் வழியே நகர்ந்து கணுவில் சேரும். நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளியை அதன்மேல் பாய்ச்சினால் சாயம் ஒளிரும். தனிக் கேமராவில் குழாய் ஒரு கோடாகவும் கணு ஒரு பொட்டாகவும் திரையில் தெரியும். டாக்டர் அந்த இடத்தில் சின்னதாக வெட்டி எடுப்பார்.

சாயம் கெடுதலா? அநேகம் பேருக்கு ஒன்றும் செய்யாது. ஈரல் வழியாகப் பித்தத்தில் கலந்து வெளியே போயிடும். ஆனால் அதில் அயோடின் சேர்ந்த உப்பு இருக்கிறது. அயோடின் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. இந்தச் சாயம் புற்றுநோய்க்கு நிறம் பூசாது. வழியை மட்டும் காட்டும். பேஜட் நோயின் ஓரம் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தள்ளிப் போயிருக்கும். அந்த ஓரத்தைச் சாயம் காட்டாது. சுற்றிலும் சின்னச் சின்னச் சதைத் துணுக்கு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். உடம்பு பருத்தவர்களுக்கு ஆழத்தில் உள்ள கணு கேமராவில் சரியாகத் தெரியாமலும் போகலாம்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. முதலில் சொன்ன ஆறாத புண் வகைக்கு இந்தச் சின்ன அறுவை எல்லாருக்கும் ஆகாது. கட்டி ஒன்றே ஒன்றாக, 4 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தொடை இடுக்கில் கணு வீங்கியிருக்கக் கூடாது. அதாவது சீக்கிரம் வந்தவர்களுக்கே இந்த வசதி. வெட்கப்பட்டு நாள் கடத்தினால், எத்தனை நல்ல கேமரா இருந்தும் பழைய பெரிய அறுவைதான்.

ஆகவே தாய்மார்களே, மறைவிடத்தில் ஊறல், புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கட்டி, மாறுகிற மச்சம், காரணமில்லாத ரத்தம் எது இருந்தாலும் மூன்று நான்கு வாரத்துக்குமேல் காத்திருக்காதீர்கள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தால் நாள்தான் போகும். பிள்ளையை டிஸ்பென்சரிக்கு அனுப்பி, "அம்மாவுக்கு ஊறல் மருந்து வேணுமாம்" என்று கேட்டு வாங்காதீர்கள். பார்க்காமல் கொடுக்கிற களிம்பு நோயை மூடிவைக்கும். ஆண் டிரஸரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள். களிம்பில் ஆறவில்லையென்றால், "சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமா, டாக்டர்?" என்று நீங்களே கேட்கலாம்.

ஒருநாள் சம்பளம் போயிடுமே என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை உண்டு. மறுத்தால் சங்கத்துத் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள்.

முகத்தில் புண் வந்தால் மறைப்போமா? இதுவும் தோல்தான். சீக்கிரம் காட்டுங்கள்.