பள்ளியின் தரம் எங்கே தெரியும்?

துபாயில் உத்தியோக நிமித்தம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைக்குப் பள்ளி தேடும் வேளை வந்தால், உறவினரிடமும் அலுவலகச் சகாக்களிடமும் விசாரித்து முடித்த பின்னர், கே.எச்.டி.ஏ. என்று எல்லோரும் அறிந்த அரசாங்கக் கல்வி ஆணையத்தின் ஆய்வறிக்கையைப் புரட்டிப் பார்ப்பது வழக்கம். 2006-இல் ஸ்தாபிக்கப்பட்ட அந்த ஆணையம், 2008-09 கல்வியாண்டு முதல் தனியார் பள்ளிகளைச் சோதித்து, கண்டதைப் பகிரங்கமாக வெளியிட்டு வந்திருக்கிறது. இந்தியப் பாடத்திட்டம், பிரிட்டிஷ் பாடத்திட்டம், அமெரிக்கப் பாடத்திட்டம், ஐ.பி. என்று பலவகைப் பள்ளிகள் நிறைந்த ஊரில், அவை யாவற்றையும் ஒரே அளவுகோலால் அளந்து காட்டியது பெற்றோருக்குச் செய்த பெரிய உபகாரம்.

ஐக்கிய அரபு அமீரகம் முழுமைக்கும் 2015-இல் வகுக்கப்பட்ட ஆய்வு முறை, ஒரு பள்ளியை ஆறு அம்சங்களில் பரிசீலித்து, மிகச் சிறப்பு முதல் மிக நலிவு வரை ஆறு படிகளில் ஒன்றில் நிறுத்துகிறது. அந்த அம்சங்களில் போதனையும் தலைமையுமே பிரதானம் என்பது என் அபிப்பிராயம். மற்ற நான்கும் பெரும்பாலும் இவ்விரண்டிலிருந்து விளைபவை.

போதனையின் தரத்தை அறிய ஆய்வாளர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பாடம் கேட்பதோடு நிற்பதில்லை. மாணவரின் நோட்டுப் புத்தகங்களை வாங்கிப் பார்க்கிறார். ஆய்வு நாளில் எந்த ஆசிரியரும் சிரத்தையோடு பாடம் நடத்திவிடலாம். ஆறு மாத நோட்டை ஒரே இரவில் எழுதிவிட முடியாது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'சரி' என்ற குறி மட்டும் விழுந்திருக்கும் நோட்டும், பின்னக் கணக்கொன்றின் ஓரத்தில் 'விடை சரி, ஆனால் பகுதியை ஏன் மாற்றினாய்?' என்று ஆசிரியர் கேட்டிருக்க, அதன் கீழே குழந்தை தன் கோணல் எழுத்தில் காரணம் சொல்லியிருக்கும் நோட்டும் ஒன்றல்ல. முன்னதில் திருத்தம் மட்டுமே நடந்திருக்கிறது. பின்னதில் போதனை நடந்திருக்கிறது.

தலைமையை மதிப்பிடுவது இதனினும் கடினம். ஆய்வுக்கு முன்பே பள்ளி தன் குறைநிறைகளைத் தானே எழுதித் தர வேண்டும் என்ற நியமம் இருக்கிறது. அந்தச் சுயமதிப்பீட்டுக்கும் வகுப்பறையில் கண்டதற்கும் உள்ள தூரமே பிரின்சிபாலின் விவேகத்துக்கு அளவு. தன் பள்ளியில் ஏழாம் வகுப்பு அறிவியல் பலவீனமாக இருக்கிறது என்று அவரே முன்வந்து எழுதி, அதற்குச் செய்துவரும் பரிகாரத்தையும் காட்டுவாரானால், அந்தப் பள்ளி நல்ல கைகளில் இருக்கிறது என்று நம்பலாம். பிரின்சிபாலுக்கு மேலே முதலாளிகளும் நிர்வாகக் குழுவும் இருக்கிறார்கள். அவர்களும் ஆய்வுக்கு உட்பட்டவர்களே. அறிக்கையின் முற்பகுதியில், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், ஆண்டுதோறும் ஆசிரியர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் விலகிப் போகிறார்கள் என்ற விவரங்கள் அச்சாகியிருக்கும். பலர் அந்த இடத்தைக் கடந்து போய்விடுகிறார்கள். பாதி ஆண்டில் கணித ஆசிரியை மாறினால் நஷ்டம் யாருக்கு என்பதைப் பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் இந்த முறையில் ஒரு தீங்கும் சேர்ந்தே வளர்ந்தது. 2012-இல் வந்த விதிகள் கட்டண உயர்வை ஆய்வுத் தரத்தோடு பிணைத்தபோது, ஒரு சொல் பள்ளியின் வருமானத்தையே நிர்ணயிக்கும் வலிமை பெற்றது. விரிவான அறிக்கை படிக்கப்படாமல் கிடக்க, அந்தச் சொல் மட்டும் விளம்பரப் பலகையில் ஏறியது. ஆய்வு நெருங்கும் வாரங்களில் ஆசிரியர்கள் குழந்தைகளை விட்டுக் காகிதங்களோடு மல்லாடும் நிலையும் உண்டாயிற்று. இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஒற்றைச் சொல்லில் தீர்ப்பளிக்கும் வழக்கம் 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டது. அது நியாயமான முடிவு என்றே கருதுகிறேன்.

துபாயிலும் 2024-25 கல்வியாண்டில், மூன்றாம் ஆண்டை எட்டிய புதிய பள்ளிகள் தவிர ஏனையவற்றுக்கு முழு ஆய்வு நடத்தப்படவில்லை. பழைய அறிக்கையை மட்டும் நம்பிப் பிள்ளையைச் சேர்ப்பது உசிதமல்ல. பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது நீச்சல் குளத்தையும் கலையரங்கத்தையும் பார்த்துவிட்டு வந்துவிடாமல், நம் பிள்ளை சேரப்போகும் வகுப்பின் நோட்டு நாலைந்தை எடுத்துக் காட்டும்படி பணிவோடு கேட்கலாம். சென்ற ஆண்டு அந்த வகுப்புக்குப் பாடம் எடுத்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்றும் கேட்கலாம். நல்ல பிரின்சிபால் இரண்டுக்கும் தயங்காமல் விடை தருவார்.