சுகாதார நிலையத்தின் மின்சாரமும் உங்கள் சிகிச்சையும்: மரக்காணம் கடற்கரைப் பகுதி மக்களுக்கு ஒரு விளக்கம்

அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வருவோர் அண்மை ஆண்டுகளில் சில மாற்றங்களைக் கவனித்திருப்பீர்கள். பல கட்டடங்களின் கூரையில் சூரிய மின் தகடுகள் நிற்கின்றன. பழைய குழல் விளக்குகளின் இடத்தில் எல்.இ.டி. விளக்குகள் வந்துள்ளன. குளிரூட்டியை 24 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டாம் என்ற அறிவிப்பும் சில இடங்களில் தென்படுகிறது. அரசுக்குப் பணம் மிச்சமாவதற்காக நோயாளிகள் புழுக்கத்தில் உட்கார வேண்டுமா என்று வரிசையில் நிற்போர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். மின்கட்டணம் குறைவதும் உண்மையே. ஆயினும் நோயாளிக்கும் அவரைக் கவனித்துக்கொள்பவருக்கும் அதைவிட முக்கியமான வேறொன்று இதில் இருக்கிறது. மின்சாரம் தடைபடும்போது எந்தக் கருவி எவ்வளவு நேரம் ஓடும் என்பதே அது.

தகடுகள் இருந்தும் மின்தடையில் மின்விசிறி நிற்பது ஏன்?

கூரையில் இத்தனை தகடுகள் இருந்தும் கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடுகிறதே என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. சூரிய மின் அமைப்புகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. மின்வாரியக் கம்பியுடன் மட்டும் இணைக்கப்பட்ட அமைப்பு, பகலில் கட்டடத்திற்கு வேண்டிய மின்சாரத்தைத் தந்து, மிஞ்சியதை வெளிக்கம்பிக்கு அனுப்புகிறது. வெளிக்கம்பியில் மின்சாரம் நின்றவுடன் இவ்வமைப்பும் தானாகவே நின்றுவிடும். இது பழுது அன்று; ஓர் உயிர்காப்பு ஏற்பாடு. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் மின் ஊழியர், கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கை வைக்கிறார். அந்நேரத்தில் மருத்துவமனைக் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும்.

பேட்டரி இணைந்த அமைப்பு வேறு. மின்தடையின்போது அது வெளிக்கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த சில இணைப்புகளுக்கு மட்டும் மின்சாரம் தருகிறது. பிரசவ அறை, அவசரச் சிகிச்சை அறை, தடுப்பூசி வைக்கும் குளிர்ப்பெட்டி, ஆக்சிஜன் செறிவூட்டி ஆகியவையே பெரும்பாலும் முதலிடம் பெறுகின்றன. புறநோயாளர் கூடத்து மின்விசிறிகள் அப்பட்டியலில் இல்லாமல் போகலாம்.

நான் முன்பு பணியாற்றிய நிலையம் ஒன்றில், மின்தடை நேரத்தில் குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் வேண்டி ஒருவர் மின் கெட்டிலைச் செருகினார். அத்தகைய கெட்டில் 1,500 வாட் வரை இழுக்கும். இன்வெர்ட்டர் சுமை தாங்காமல் நின்றது. பிரசவ அறை விளக்கும் அணைந்தது. அன்று ஒரு குழந்தை டார்ச் வெளிச்சத்தில் பிறந்தது, நலமாகவே பிறந்தது. கெட்டிலைச் செருகியவரை நான் குறைகூற மாட்டேன். அது பேட்டரியில் ஓடும் இணைப்பு என்று எழுதி ஒட்டாதது எங்கள் தவறு. எனவே, மின்தடை நேரத்தில் எதையும் செருகுமுன் செவிலியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சிறிய கணக்கு ஒன்றைப் பாருங்கள். பழைய வகை மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கிறது. பி.எல்.டி.சி. எனப்படும் புதிய வகை சுமார் 30 வாட் எடுக்கிறது. ஒரு வார்டில் 8 விசிறிகளை மாற்றினால் 360 வாட் மிச்சமாகிறது. நிமிடத்திற்கு 5 லிட்டர் தரும் ஓர் ஆக்சிஜன் செறிவூட்டி ஓடுவதற்கு ஏறக்குறைய அதே அளவு மின்சாரம்தான் தேவை. பேட்டரி அதேதான், தகடும் அதேதான். மூச்சுத்திணறலுடன் வந்த ஒருவருக்குக் கூடுதலாக ஒரு கருவி ஓடுகிறது.

குளிரூட்டியின் கதையும் இதுவே. ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் குறையும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் மதிப்பீடு. பிரசவ அறையில் குளிரைக் குறைப்பதற்கு மருத்துவக் காரணமே உண்டு. பிறந்த குழந்தை ஈரத்தோடு வெளிவருவதால் உடல் வெப்பத்தை விரைவில் இழக்கும். அவ்வறை 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தாய்க்கு வியர்க்கிறதே என்று உறவினர் குளிரூட்டியை 18-க்கு இறக்கச் சொல்லும்போது நாங்கள் மறுப்பது இதனால்தான்.

உப்புக் காற்றும் சூரியத் தகடும்

மரக்காணத்து உப்பளங்களில் உப்பு விளைவதற்கும் தகடுகளில் மின்சாரம் விளைவதற்கும் வேண்டியது ஒரே வெயில்தான். மழை தொடங்கிப் பாத்திகள் நீரில் மூழ்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தில் தகடுகளின் விளைச்சலும் குறைகிறது. புயலும் மின்தடையும் வருவது அதே மாதங்களில்தான். ஆகவே சூரிய மின்சாரம் வந்துவிட்டது, இனி டீசல் ஜெனரேட்டர் வேண்டாம் என்று இக்கடற்கரையில் யாரும் சொல்ல முடியாது. ஜெனரேட்டர் ஓடும் நேரத்தைக் குறைக்க முடியும். புகையும் இரைச்சலும் வார்டுக்குள் வருவது அந்த அளவுக்குக் குறையும். ஆஸ்துமா நோயாளிகளுக்கு அது சிறிய செய்தி அன்று.

உப்புக் காற்று இரும்புச் சட்டங்களையும் மின் இணைப்பு முனைகளையும் அரிக்கிறது. தகட்டின்மேல் படியும் உப்பும் தூசியும் ஒளியை மறைக்கின்றன. உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரால் கழுவினால், காய்ந்தபின் வெண்படலம் எஞ்சும். உப்பளத் தொழிலாளர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல நீரால், வெயில் ஏறுமுன் கழுவ வேண்டும். கழுவாத தகடு வெறும் அலங்காரமே.

கழிவைப் பிரிப்பதில் உங்கள் பங்கு

மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இன்படி, இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பையில் சேர்ந்து எரிக்கப்படுகின்றன. சாப்பிட்ட வாழையிலையையும் தேநீர்க் கோப்பையையும் அதே பையில் போட்டால், அவையும் லாரியேறி, எரிபொருள் செலவில் எரிந்து புகையாகின்றன. வீட்டில் இன்சுலின் போடுவோர், ஊசிகளைக் குப்பையில் எறியாமல் மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்து, சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள். துப்புரவுப் பணியாளர்களின் விரல்களில் ஊசி குத்துவது இதனால் தவிரும்.

புயல் எச்சரிக்கை வரும்போது வீட்டில் செய்ய வேண்டியவை

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. அத்தகைய நாள்களில் பேட்டரியும் ஜெனரேட்டரும் உள்ள சுகாதார நிலையத்தைவிட, அவை எதுவுமில்லாத உங்கள் வீட்டில்தான் ஆபத்து அதிகம்.

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி பயன்படுத்துவோர் மின்சாரம் நின்றபின் புறப்படக் கூடாது. சாலையில் மரம் விழுந்திருக்கும். எச்சரிக்கை வந்தவுடன், காற்று எழுமுன்பே, ஆக்சிஜன் வசதியுள்ள மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள். அதுவரை நிரப்பிய சிலிண்டர் ஒன்று கைவசம் இருக்கட்டும். பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணிகளும் அவ்வாறே முன்கூட்டிச் சேர வேண்டும். எடை குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால், தாயின் வெற்று மார்பில் அணைத்து, இருவரையும் சேர்த்துத் துணியால் போர்த்துங்கள். கங்காரு பராமரிப்பு எனப்படும் இம்முறைக்கு மின்சாரமே வேண்டாம். தந்தையும் பாட்டியும்கூட இதைச் செய்யலாம்.

இன்சுலின் பற்றிப் பலரும் தேவையின்றி அஞ்சுகின்றனர். பயன்பாட்டில் உள்ள குப்பியைப் பொதுவாக 4 வாரம் வரை, வெயில் படாத குளிர்ந்த இடத்தில், 25 முதல் 30 டிகிரிக்கு மிகாமல் வைத்துப் பயன்படுத்தலாம். சரியான அளவு அதன் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டால், மண் பானையில் ஈர மணலைப் பரப்பி, குப்பியை நீர் புகாத டப்பாவில் இட்டு அதன் நடுவே வையுங்கள். பனிக்கட்டியின்மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. நிறம் மாறினாலோ கட்டி தட்டினாலோ அதைப் போடாமல் நிலையத்திற்கு எடுத்து வாருங்கள்.

வீட்டில் மின்சாரத்தால் இயங்கும் மருத்துவக் கருவி எதுவும் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் வீட்டிற்கு வரும் களப்பணியாளரிடம் இன்றே சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை வரும் நாளில் யாரை முதலில் அழைத்துவர வேண்டும் என்று முடிவு செய்ய அத்தகவல் எங்களுக்குத் தேவை. அவசரத்திற்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104.