பட்டறைப் பக்கம் - 9: ஏற்றத்தில் திணறும் பிக்கப்

மேட்டுப்பாளையத்தில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் புறப்படும் பழைய பிக்கப், போன வருடம் மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இப்போது இரண்டாவது கேட்கிறது. கொண்டை ஊசி வளைவில் முதல் கியருக்கே இறங்கிவிடுகிறது. "வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்ணா" என்று ஓட்டுநர் பட்டறையில் நிறுத்துகிறார். "என்ஜின் வேலை வந்துருச்சுங்க, இறக்கிப் பாத்தர்லாம்" என்பதுதான் பல பட்டறைகளில் கிடைக்கும் பதில். இழுவை குறைந்ததற்காக என்ஜினை உடனே இறக்க வேண்டியதில்லை. கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பிரித்துப் போட்டுத்தான் பலர் வாரக்கணக்கில் வாடகையை இழக்கிறார்கள்.

மலைக்கும் இதில் பங்கு உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். டர்போ இல்லாத என்ஜினுக்கு அந்த அளவுக்கு ஆக்ஸிஜனும் குறையும், இழுவையும் குறையும். இது கோளாறு அல்ல. அதே சாலையில், அதே பாரத்தோடு, முன்பு ஏறிய வண்டி இப்போது ஏறவில்லை என்றால்தான் கோளாறு. அது திடீரென்று வந்ததா, மாதக்கணக்கில் மெல்லக் குறைந்ததா என்று கேட்டாலே பாதி தேடல் முடிந்துவிடும். திடீரென்று போனால் ஹோஸ், ஃபில்டர், கேபிள் மாதிரியான விஷயமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தேய்மானம் ஒரே நாளில் வராது.

மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் வண்டிகளில் ஸ்கேனரைச் செருக இடமில்லை. ஏற்றத்தில் சைலன்ஸரிலிருந்து வரும் புகையைத்தான் பார்க்க வேண்டும்.

கறுப்புப் புகை வந்தால் டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை என்று பொருள். மஹிந்திரா பிக்கப்களில் வந்த டி.ஐ. என்ஜின் 2,523 சி.சி. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, டர்போவின் தயவு இல்லாமலே, கணக்குப்படி 3,700 லிட்டருக்கு மேல் காற்றை அது இழுக்க வேண்டும். செம்மண் பாதையில் ஓடி அடைத்துப்போன ஏர் ஃபில்டர் வழியாக அவ்வளவு காற்று வராது. புது ஃபில்டர் போட்டும் புகை குறையவில்லையா? டர்போவிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, வளைத்துப் பார்க்க வேண்டும். அதிலுள்ள வெடிப்பு ஐடிலில் மூடிக்கொண்டு, பாரம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். நின்ற இடத்தில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது. ஹோஸின் வெளிப்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி படிந்திருந்தால் அந்த இடத்தைச் சந்தேகிக்கலாம்.

புகையும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. ஒருவரை ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லிவிட்டு, பம்ப்பின் லிவர் ஸ்டாப்பரைத் தொடுகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. கேபிள் தளர்ந்திருந்தால் மிதி தரையைத் தொட்டாலும் லிவர் பாதியில் நிற்கும். ஒரு ஸ்பேனரோடு முடிகிற காரியம் இது. அடுத்து டீசல் ஃபில்டர். அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும், அடைத்திருந்தால் மாற்ற வேண்டும். பம்ப் 'ஏர் எடுக்கிறது' என்று சந்தேகம் வந்தால், டீசல் வரும் வழியில் கொஞ்ச நீளம் கண்ணாடிபோல் தெளிந்த டீசல் ஹோஸைப் பொருத்தி ஓட்டிப் பார்க்கலாம். குமிழிகள் ஓடினால் எங்கோ வாஷரோ கிளிப்போ விட்டுவிட்டது.

பலர் நினைத்தே பார்க்காத இடம் டேங்க் மூடி. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போக ஒரு சின்ன வழி தேவை. சேறும் தூசியும் அதை அடைத்துவிட்டால் டேங்கில் வெற்றிடம் உருவாகி, பம்ப்பால் டீசலை இழுக்க முடியாமல் போகும். புறப்படும்போது நன்றாக ஓடி, அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கி, சிறிது நேரம் நிறுத்திவைத்தால் மறுபடி சரியாகிவிடும் வண்டியில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். திணறும்போது மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். வண்டியும் இழுக்கத் தொடங்கும். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை.

இத்தனையும் பார்த்த பிறகே நாசில்களைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்ப வேண்டும். அதை விட்டுவிட்டு, பம்ப்பின் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டிவிடும் பழக்கம் ஆபத்தானது. இரண்டு நாள் வண்டி பறப்பதுபோல் இருக்கும். பிறகு கரும்புகை, அதிகச் சூடு, ஏற்றத்தில் பிஸ்டனே உருகும் அபாயம்.

என்ஜின் நன்றாக இருந்தும் வண்டி இழுக்காமல் போகலாம். சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. ஓடி நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

உண்மையிலேயே என்ஜின் தேய்ந்திருந்தால் அதற்கும் அடையாளம் உண்டு. நீலப் புகை வரும், ஆயில் குறையும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் 'பேக் கம்ப்ரஷன்' புகை விட்டுவிட்டு அடிக்கும். அப்போதும் முதலில் டாப்பெட் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். அது இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது, நல்ல சிலிண்டரும் தேய்ந்ததுபோல் காட்டும். அதன் பிறகு கம்ப்ரஷன் கேஜ். நான்கில் ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில். நான்கும் சேர்ந்து குறைந்திருந்தால் ரீபோர் பேச்சை எடுக்கலாம்.

ஆகவே பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவையும் தாளில் எழுதி வாங்காமல் என்ஜினை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

(தொடரும்)