பாக் சோய்க்கு ஏன் மண்தொட்டி?

வெயில் கொளுத்தும் விருத்தாசலத்தில் சீனத்துக் கீரையான பாக் சோய் வருமா? வரும், கார்த்திகை, மார்கழியில் விதைத்தால். முட்டைக்கோசுக்கு உறவான இதற்குக் குளிர்தான் பிடிக்கும். சூடு ஏறினால் வெள்ளைத் தண்டு தடிக்காமல், பூந்தண்டு கிளம்பி, இலை கசந்துபோகும். தொட்டிக்கு, ஊருக்குப் பேர் வாங்கித் தந்த பளபளப்பான பீங்கானைவிடச் சாதாரண மண்தொட்டியே மேல். அதன் நுண்துளைகளில் கசியும் ஈரம் ஆவியாகும்போது வேர்ச்சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். சுமார் 45 நாளில் அறுக்கலாம்.

சுவாரஸ்யமே கால்சியத்தில்தான். 100 கிராமில் சுமார் 105 மில்லிகிராம். பாலக்கிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் பாலக்கில் உள்ள ஆக்ஸலேட் அதைக் கட்டிப்போட்டுவிடுவதால், உடம்பில் சேருவது 5 சதவீதம் அளவுக்குத்தான். ஆக்ஸலேட் குறைந்த பாக் சோயில் ஏறத்தாழ பாதி சேரும். தைராய்டு தொந்தரவு உள்ளவர்கள் பச்சையாக நிறையத் தின்னாமல், வதக்கிச் சாப்பிடுங்கள்.