கொல்லிமலையில் பாட்காஸ்ட்: சிக்னல் உள்ள இடத்தில் இறக்கி, இல்லாத இடத்தில் கேட்கலாம்

காரவள்ளியிலிருந்து ஏறும் பேருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் சோளக்காட்டை அடைகிறது. வழியில் கைப்பேசியில் ஏதாவது கேட்டுக்கொண்டு வரலாம் என்றால் சிக்னல் வரும், போகும். மேலேயும் ஊருக்கு ஊர் நிலைமை வேறு. மேட்டில் தடையின்றி ஓடும் வீடியோ, பள்ளத்துத் தோட்டத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும்.

பாட்காஸ்ட் இப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் அதிகம் பயன்படும். நகரத்துக்காரர்களின் பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்கினால் நட்டம் நமக்கே.

பாட்காஸ்ட் என்பது தொடராக வரும் ஒலி நிகழ்ச்சி. வானொலியைப் போல நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. நிகழ்ச்சி நடத்துபவர் ஒவ்வொரு பகுதியையும் ஒலிக்கோப்பாக இணையத்தில் ஏற்றி, ஆர்எஸ்எஸ் எனப்படும் பட்டியல் ஒன்றில் அதன் முகவரியைச் சேர்க்கிறார். நம் கைப்பேசியில் உள்ள செயலி அந்தப் பட்டியலை அவ்வப்போது பார்த்து, புதிதாக வந்ததைக் காட்டும். கேட்டுக்கொண்டால் இறக்கியும் வைக்கும். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்டைச் சேர்த்த பிறகு அது உலகெங்கும் பரவியது.

இணையத்தில் உள்ளதை ஓரிடத்தில் எடுத்து, தேவைப்படுகிறவரின் காதுக்குக் கொண்டுபோவது நமக்குப் புதிதல்ல. கொல்லிமலையின் சாமை, தினை, கேழ்வரகு ரகங்களைக் காக்கப் பல்லாண்டுகள் உழைத்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998-இல் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை அறிந்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவர் கணினியைத் தொடவேண்டியிருக்கவில்லை.

இன்று அந்த வேலையை ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசியே செய்யும். பிளே ஸ்டோரில் ஆன்டெனாபாட் என்று தேடி நிறுவுங்கள். இலவசச் செயலி, விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். ஏற்கெனவே ஸ்பாட்டிஃபை வைத்திருந்தால் அதுவும் போதும். கட்டணம் செலுத்தாதவர்களும் அதில் பாட்காஸ்டுகளை இறக்கிக்கொள்ளலாம். தேடல் பெட்டியில் நிகழ்ச்சியின் பெயரைத் தட்டுங்கள். தீபிகா அருண் நடத்தும் ‘கதை ஓசை’யில் தமிழ்க் கதைகளும் நாவல்களும் கிடைக்கும். செய்தியும் நேர்காணலும் வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் இருக்கிறது. பிடித்த நிகழ்ச்சியின் பக்கத்தில் ‘சப்ஸ்கிரைப்’ அல்லது ‘ஃபாலோ’ என்ற பொத்தானை அழுத்தினால் சந்தாதாரர் ஆகிவிட்டீர்கள். காசு கேட்பார்களோ என்று தயங்க வேண்டாம். பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குக் கட்டணமே இல்லை.

மலைவாசிகள் கவனிக்க வேண்டியது அடுத்த படியை. சந்தா சேர்ந்ததோடு நின்றுவிட்டால் சிக்னல் போனதும் நிகழ்ச்சியும் நின்றுவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் அருகே உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தி, கோப்பைக் கைப்பேசியிலேயே இறக்கி வையுங்கள். பல செயலிகள் வைஃபை இருந்தால்தான் தானாக இறக்கும். வீட்டில் வைஃபை இல்லாதவர்கள் அமைப்புகளுக்குள் போய் மொபைல் டேட்டாவுக்கு அனுமதி தர வேண்டும். ஒலித்தரத்தைப் பொறுத்து, அரைமணி நேரப் பேச்சுக்குச் சுமார் 15 முதல் 30 எம்பி செலவாகும். அதே நேரத்துக்கு வீடியோ பார்த்தால் பல மடங்கு போய்விடும். யூடியூபில் கட்டணம் செலுத்தாதவர்களுக்குத் திரையை அணைத்தால் பெரும்பாலும் சத்தமும் நின்றுவிடும். பாட்காஸ்ட் செயலியில் அந்தத் தொல்லை இல்லை. கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மிளகு பறிக்கலாம், களை எடுக்கலாம்.

பேச்சு வேகமாகத் தோன்றினால் வேகத்தைக் குறைக்கலாம். கேட்டு முடித்தவை தானாக நீங்கும்படி அமைத்துவிட்டால் இடமும் அடைபடாது. மலைப்பாதையில் வண்டி ஓட்டும்போது மட்டும் காதில் எதையும் மாட்டாதீர்கள்; வளைவில் எதிரே வரும் வண்டியின் ஹாரன் கேட்க வேண்டும்.

எழுத்தறியாத பெரியவர்களுக்கு இதனால் கிடைக்கும் பயன் இன்னும் பெரிது. படிக்கத் தெரியாததால் விட்டுப்போன கதைகளையும் செய்திகளையும் அவர்கள் இனிக் கேட்டே தெரிந்துகொள்ள முடியும். தேடுவதும் இறக்குவதும் அவர்களுக்குச் சிரமம். அதை வீட்டுப் பிள்ளைகள் செய்துதர வேண்டும். அடுத்த முறை நாமக்கல்லுக்கோ சேந்தமங்கலத்துக்கோ இறங்கும்போது நாலைந்து பகுதிகளை இறக்கிக்கொண்டு வந்து, உங்கள் பாட்டிக்கு ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள்.