சுருட்டி வைத்த ஏழு மீட்டர் ஓவியம்

'இறுதி இராவுணவு'ன்னு சொன்னா உடனே டா வின்சிதான் ஞாபகம் வருவார், இல்லையா? 16-ஆம் நூற்றாண்டில், ஃப்ளோரன்ஸில், ப்ளௌட்டில்லா நெல்லி என்ற கன்னியாஸ்திரியும் அதே காட்சியை வரைந்திருக்கிறார். ஆண் உடலைப் பார்த்து வரைந்து பழக பெண்களுக்கு அனுமதி இல்லாத காலம். ஆனாலும் இயேசுவும் 12 சீடர்களும் ஆளுயர அளவில் இருக்கிற, சுமார் 7 மீட்டர் நீள ஓவியம் அது!

இத்தனைக்கும், ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரியே நெல்லியைப் பற்றி எழுதியிருக்கார். டேட்டாபேஸில் என்ட்ரி இருக்கு, யாரும் தேடலை, அவ்வளவுதான்.

ஒரு கட்டத்தில் கேன்வாஸைச் சுருட்டி ஸ்டோரில் போட்டுட்டாங்க. பிறகு துறவிகள் மட்டும் சாப்பிடும் கூடத்தில் மாட்டினாங்க. ஸ்டோர்ல இருந்து வெளியே எடுக்கிறதுன்னா ஆணி அடிச்சு மாட்டுறது மட்டும் இல்லைங்க. உதிர்ற சாயத்தை முதல்ல நிறுத்தணும். அதுக்கு 4 வருஷம் ஆச்சு. சீடர்களை 'தத்தெடுங்க'ன்னு சொல்லி நிதி திரட்டினாங்க (செம ஐடியா!).

2019 அக்டோபரில் சாந்தா மரியா நொவெல்லா மியூசியத்தில் ஓவியம் மக்கள் பார்வைக்கு வந்தது. நெல்லியின் கையெழுத்து இடது மேல் மூலையில் இருக்கு. பக்கத்தில் லத்தீனில் ஒரு வரி: 'வரைந்தவளுக்காக ஜெபியுங்கள்.'