எழில் மொழியின் செயற்குறிகள்

மும்பையில் வடாலாவை அடுத்த ஆண்டாப் ஹில் பகுதியில் வசிக்கும் ஒரு தாயார், தமிழ் வழியில் படிக்கும் தம் மகன் கணினிக்கு நிரல் எழுத மிகவும் ஆசைப்படுவதாகவும், ஆங்கிலத்தில் தேறிய பிறகுதான் அந்த வித்தையைத் தொட வேண்டுமோ என்றும் கேட்டு எழுதியிருக்கிறார். அவருக்கு விடையாக, நெடுநாளாக என் மனத்தைக் கவர்ந்திருக்கும் 'எழில்' என்ற நிரல்மொழியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

முத்து அண்ணாமலை என்பவர் 2007ஆம் ஆண்டின் இறுதியில் உருவாக்கத் தொடங்கி, 2009 ஜூலையில் அறிவித்த மொழி இது. பைத்தான் மொழியை அஸ்திவாரமாகக் கொண்டது. இதன் கட்டளைகள் 'பதிப்பி', 'நிறுத்து', 'பின்கொடு' என்று தமிழில் இருக்கின்றன. மதிப்புகளைத் தாங்கும் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரும் சூட்டலாம், ஆங்கிலப் பெயரும் சூட்டலாம். ஆனால் +, -, = போன்ற செயற்குறிகளை மட்டும் அவர் மாற்றவில்லை. அதுவே விவேகமான காரியம் என்பது என் அபிப்பிராயம். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் நாம் எழுதும் குறிகள் 1489இல் ஜெர்மானியரான விட்மனின் வர்த்தகக் கணித நூலில் அச்சேறியவை. சமக்குறி 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டு அறிஞர் வழங்கியது. தாராவியில் படிக்கும் குழந்தைக்கும் தாதரில் மராத்தி வழியில் படிக்கும் குழந்தைக்கும் அவை இன்று சமமான சொத்து.

எல்லாவற்றிலும் என்னை அதிகமாக ஈர்ப்பது ஒப்பீட்டுக் குறிகளும், அவற்றைச் சூழ்ந்து எழில் அமைத்திருக்கும் வாக்கிய முறையுமே. கூட்டல் குறி இரண்டு எண்களைப் பெற்று மூன்றாவது எண்ணைத் தருகிறது. ஒப்பீட்டுக் குறியோ இரண்டு எண்களைப் பெற்று உண்மை அல்லது பொய் என்ற தீர்ப்பைத் தருகிறது. அந்தத் தீர்ப்பைக் கொண்டு இயந்திரம் வழி பிரிய வேண்டும். ஆங்கிலத்தைத் தழுவிய மொழிகளில் 'இஃப்' என்ற சொல் முன்னே நிற்க, நிபந்தனை அதைப் பின்தொடரும். எழிலில் இப்படி எழுத வேண்டும்:

@(மதிப்பெண் >= 35) ஆனால்
பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
பதிப்பி "மறுதேர்வு"
முடி

மதிப்பெண் முப்பத்தைந்தோ அதற்கு மேலோ என்பதே இங்கே நிபந்தனை; அது முதலில் வருகிறது. 'ஆனால்' அதற்குப் பின் வருகிறது. முன்னால் உள்ள @ குறி, கணக்கிட வேண்டிய ஒரு கோவை தொடங்குகிறது என்று இயந்திரத்துக்கு அறிவிக்கிறது. இந்த வரிசை நமக்குப் பழகியதுதான். வடாலா ரோடு நிலையத்தில் ஹார்பர் ரயில் மார்க்கம் இரண்டாகப் பிரிகிறது; ஒரு கிளை குர்லா வழியாகப் பன்வேலுக்கும், மற்றொன்று மாஹிம், பாந்த்ரா பக்கமும் செல்கிறது. அங்கே மேடையில் நிற்கும் நம்மவர், "பன்வேல் வண்டியானால் ஏறு, இல்லையென்றால் நில்" என்றுதான் பிள்ளைக்குச் சொல்வார்; நிபந்தனையை முன்வைத்து ஏவலைப் பின்வைக்கும் அந்தக் கிரமத்தைக் குழந்தை தாய்மடியிலேயே கற்றுவிட்டது. எழில் அதைக் கலைக்காமல் இயந்திரத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இத்தனை சௌகரியம் கைக்கெட்டும் தூரத்தில், விலையின்றிக் கிடைத்தும், நான் கண்ட பள்ளிகள் சிலவற்றில் கணினி வகுப்பு என்பது ஆங்கிலச் சொற்களைப் பொருள் தெரியாமல் மனனம் செய்விக்கும் வகுப்பாகவே நடக்கிறது. இயந்திரங்களோ பூட்டிய அறையில் உறையிட்டுக் கிடக்கின்றன. தர்க்கம் கற்க வந்த குழந்தையை எழுத்துக்கூட்டலில் தோற்கடித்து அனுப்புவது பெரிய அநீதி. தமிழ் வழிப் பள்ளிகளை நடத்துவோர் இதில் சற்றேனும் சிரத்தை காட்ட வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் பையன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒற்றைச் சமக்குறி இங்கே சமத்துவத்தைக் கூறுவதில்லை. வலப்பக்க மதிப்பை இடப்பக்கப் பெயரில் வைக்கும் ஏவல் அது. ஆகையால் 'எண் = எண் + 1' என்று கண்டு அவன் திகைக்க வேண்டியதில்லை. இரண்டும் சமமா என்று வினவுவதற்கு == என்று இரட்டையாக எழுத வேண்டும்.

ஆங்கிலத்துக்காக அவன் காத்திருக்க வேண்டாம், அம்மா. பின்னால் பைத்தான் பயிலும்போது நிபந்தனைச் சொல்லை முன்னே நகர்த்தி, புதிய கட்டளைச் சொற்கள் சிலவற்றைப் பழகிக்கொள்வான்; >= குறியை அப்படியே எழுதுவான்.